வெஸ்ட் ஹாம்: இருக்கையைக் காலியாக விட்டால் யாருக்கு நட்டம்?

வாசகர் ஒருவர் | 2025 ஒக்டோபர் 21, காலை 8.10

நேற்றிரவு லண்டன் உதைபந்தாட்டக் கழகங்களான வெஸ்ட் ஹாம் – பிரென்ட்போர்ட் ஆட்டம் பார்த்தேன். கமரா திரும்பிய பக்கமெல்லாம் காலி இருக்கை. கேட்டால் வெஸ்ட் ஹாம் நிர்வாகத்தை எதிர்த்து ரசிகர்கள் செய்யும் புறக்கணிப்பாம். சீசன் டிக்கெட்டுக்கு முழுக் காசையும் முன்னரே கட்டிவிட்டு வீட்டில் இருந்தால் முதலாளிக்கு என்ன நட்டம்? அணி தோற்கிறது, சனத்துக்குக் கோபம், அவ்வளவுதான். நாலு ஆட்டம் வென்றால் எல்லாரும் பழையபடி போய் உட்கார்ந்து கை தட்டுவார்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு கழகத்தைப் பார்க்கலாமே.

ஒக்டோபர் 21, மதியம் 12.40

வாசகரே, தோல்வியால் வந்த கோபம் என்பதை நான் ஏற்கவில்லை. 2023 ஜூனில் இதே கழகம் ப்ராக் நகரில் ஃபியோரென்டினாவை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை ஒன்றைத் தூக்கியது. 1980க்குப் பிறகு கிடைத்த முதல் பெரிய கோப்பை அது. அடுத்த ஆண்டே சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகை விலையில் நிர்வாகம் கை வைத்தது. ரசிகர்கள் அப்போதும் எதிர்த்தார்கள். கோப்பை வென்ற சூடு ஆறுவதற்குள் நடந்த சண்டை அது. அதில் தோல்வி எங்கே இருக்கிறது?

காலி இருக்கை பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிறகு வருகிறேன்.

ஒக்டோபர் 21, இரவு 10.15

"வேறு கழகத்தைப் பார்க்கலாமே" என்ற வரி நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் இருப்பது கிழக்கு லண்டனில், கழகத்தின் பழைய மைதானம் இருந்த கிரீன் ஸ்ட்ரீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு வெஸ்ட் ஹாம் முதலில் ஒரு சனிக்கிழமைத் தொல்லைதான். ஆட்டம் உள்ள நாளில் அப்டன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வரவே நேரமாகும். சேலைக் கடைக்காரர்கள் வாசலில் தொங்கவிட்ட துணிகளை உள்ளே எடுத்துவிடுவார்கள். பொலிஸ் குதிரைகள் வரிசையாக நிற்கும். தெரு முழுக்க வதங்கிய வெங்காய மணம், காலடியில் குதிரைச் சாணம். எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றாலே கோல் விழுந்தது கேட்கும். நம் கோலா எதிரணி கோலா என்று சத்தத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவார். அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

அந்தப் போலின் மைதானத்துக்கு உள்ளே போனால் எல்லாம் இன்னும் கிட்ட. சுமார் 35,000 பேர் கொள்ளும் இடம். சிக்கன் ரன் என்று எல்லாரும் கூப்பிடும் கிழக்குப் பக்க ஸ்டாண்டில் முன்வரிசையில் இருந்தால், த்ரோ எடுக்க வரும் வீரனுக்கு மூச்சு வாங்குவது கேட்கும். அவன் சும்மா ஓடியதாகப் பட்டால் பின்னால் இருந்து யாராவது ஒரு கிழவர் திட்டுவார். அது அவன் காதில் விழும். திரும்பிப் பார்ப்பான். காசு கொடுத்துப் போகிறவனுக்கு அந்தத் திரும்பிப் பார்த்தல் பெரிய விஷயம்.

தேம்ஸ் அயர்ன்வேர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தின் தொழிலாளர்கள் 1895இல் தொடங்கிய அணி இது. 1900இல் இன்றைய பெயர் வந்தது. 1904இலிருந்து 2016 மே 10 வரை இதே போலின் மைதானம். நாங்கள் வந்தபோது கப்பல் கட்டும் வேலையும் இல்லை, துறைமுக வேலையும் இல்லை. அந்தப் பழைய குடும்பங்களில் பல எசெக்ஸ் பக்கம் போய்விட்டன. ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தாத்தா, மகன், பேரன் என்று ட்ரெயின் பிடித்துத் திரும்பி வந்தார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் கோயில் திருவிழாவுக்கு ஊர் திரும்புவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அவர்களிடம் போய் வேறு கழகம் பாருங்கள் என்று எப்படிச் சொல்வது?

ஒக்டோபர் 22, காலை 7.30

பிரச்சினையின் வேர் 2016 இடமாற்றத்தில் இருக்கிறது. அணி ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய மைதானத்துக்குப் போனது. 99 வருடக் குத்தகை. தொடக்க வாடகை ஆண்டுக்கு 25 லட்சம் பவுண். ஓட்டப்பந்தய மைதானத்தை உதைபந்தாட்டத்துக்கு மாற்றிய செலவு 32.3 கோடி பவுண் வரை போனது, அதில் பெரும்பகுதி பொதுப்பணம். கழக முதலாளிகளுக்கு இதைவிட மலிவான பேரம் கிடைத்திருக்காது. பழைய இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள்.

ரசிகருக்குக் கிடைத்தது என்ன? ஸ்டாண்டுக்கும் ஆடுகளத்துக்கும் நடுவில் ஓட்டப்பாதை. அதன்மேல் நகர்த்தி வைக்கும் இருக்கைகள், அப்படியும் கோலுக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆட்டம் தூரத்தில் நடக்கிறது. வாய்விட்டுத் திட்டினாலும் வீரன் காதில் விழாது.

தூரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது வேறு. இடம் மாறியபோது ஸ்டாண்டில் யார் பக்கத்தில் யார் இருப்பது என்ற பழைய ஒழுங்கு கலைந்துபோனது. போலினில் நின்று பாடுகிறவர்கள் ஒரு பக்கம், குழந்தையோடு வருகிறவர்கள் ஒரு பக்கம் என்று பல வருடத்தில் தானாக அமைந்திருந்தது. யாரும் சட்டம் போட்டு அமைக்கவில்லை. புதிய இடத்தில் விலை அடுக்கை வைத்து இருக்கை பிரித்தார்கள். ஆட்டம் முழுக்க நிற்கிறவனுக்குப் பின்னால் ஏழு வயதுப் பிள்ளை. இருவரும் காசு கட்டியவர்கள். தகப்பன் உட்காரச் சொல்கிறார், முன்னால் இருப்பவன் இருபது வருடமாக இப்படித்தான் பார்க்கிறேன் என்கிறான். முதல் சீசனில் வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டதாகச் செய்தி வந்ததே, அதன் பின்னால் இருந்தது இதுதான்.

ஒக்டோபர் 22, காலை 11.05

நிற்பது சட்டவிரோதம்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

1989 ஏப்ரலில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த டெய்லர் அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. அதன்பின் மேல்மட்ட மைதானங்கள் எல்லாம் முழுக்க இருக்கை மயமாயின. அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: ரசிகரை மந்தை போல நடத்தும் வழக்கத்தை மாற்ற வேண்டும், இருக்கை வைப்பதைச் சாக்காக வைத்து விலையை ஏற்றக்கூடாது. கழகங்கள் இருக்கையை எடுத்துக்கொண்டன, மற்றதை விட்டுவிட்டன. 2022இலிருந்து தடுப்புக் கம்பி வைத்த பகுதிகளில் நிற்க அனுமதி இருக்கிறது. நின்று பார்க்க விரும்புகிறவனைக் குற்றவாளி போல நடத்திய முப்பது வருடத்தை அது திருப்பித் தராது.

ஒக்டோபர் 24, இரவு 9.50

2018 மார்ச் 10. பர்ன்லியிடம் 0-3. இந்தக் கதையில் யாரும் மறக்காத நாள்.

முதல் கோல் விழுந்ததும் ஒருவர் மைதானத்துக்குள் ஓடினார். அணித் தலைவர் மார்க் நோபிள் அவரைப் பிடித்துத் தரையில் தள்ளினார். பிறகு இன்னும் சிலர் உள்ளே ஓடினார்கள். நிர்வாகிகள் அமரும் பகுதிக்குக் கீழே கூட்டம் திரண்டது. நாணயம் பறந்தது, ஒன்று முதலாளி டேவிட் சலிவன் மேல் பட்டது. நிர்வாகிகள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். கழகத்தின் பழைய நட்சத்திரம் ட்ரெவர் புரூக்கிங் மட்டும் காலியான வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கழகத்தின் பழைய அணித் தலைவர் பொபி மூர் இறந்து 25 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்த நாளும் அதுவே.

கலவரத்துக்குப் பயந்த சின்னப் பிள்ளைகளைப் பர்ன்லி அணியினர் தங்கள் பெஞ்சில் இடம் கொடுத்து உட்கார வைத்தார்கள். தங்கள் சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாம் பிள்ளைகளுக்கு எதிரணி அடைக்கலம் கொடுத்தது. நாணயம் எறிந்தவர்களை நான் எந்தக் காலத்திலும் ஆதரிக்க மாட்டேன். பிள்ளைகள் அழும் இடத்தில் போராட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒக்டோபர் 25, மதியம் 2.20

நேற்று எழுதியதில் ஒன்று பாக்கி. அன்று உள்ளே ஓடியவர்களில் ஒருவர் மூலைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய் நடுவட்டத்தில் ஊன்றினார். அது சும்மா செய்த சேட்டை இல்லை. 1992இல் இதேபோல ஒரு ரசிகர் போலின் மைதானத்தில் மூலைக் கொடியோடு நடுவட்டத்துக்குப் போனார். பழைய ஆட்கள் எல்லாருக்கும் அது நினைவிருக்கிறது.

அந்தக் கதையை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டெய்லர் அறிக்கைப்படி இருக்கை போடக் காசு வேண்டும். 1991இல் கழகம் பத்திரத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 500 பவுணிலிருந்து 975 பவுண் வரை கட்டி ஒரு பத்திரம் வாங்க வேண்டும். அந்தப் பணத்துக்கு இருக்கைகூடக் கிடைக்காது. சீசன் டிக்கெட் வாங்கும் உரிமை மட்டும் கிடைக்கும், டிக்கெட்டுக்கு வேறு காசு. ஈஸ்ட் எண்டில் வேலை இல்லாமல் திரிந்த காலம் அது. அப்பனும் இரண்டு பிள்ளைகளும் ஆட்டம் பார்ப்பதென்றால் குறைந்தது 1,500 பவுண் முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

சனம் கத்தியது, ஆட்டம் முடிந்தும் போகாமல் இருந்தது, மைதானத்துக்குள் இறங்கியது. அணி அந்த சீசனில் கடைசி இடத்தில் முடித்துக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஆனால் திட்டத்தைச் சாகடித்தது கத்தல் இல்லை. பத்திரத்தை யாரும் வாங்கவில்லை. 19,000க்கு மேல் விற்க நினைத்தார்கள், விற்றது ஆயிரத்தைக்கூட எட்டவில்லை.

ஆகவே மைதானத்துக்குள் ஓடுவதைப் பற்றி நேற்று எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். 1992இல் கொடியைப் பிடுங்கியவருக்குப் பின்னால் பணப்பையை மூடி வைத்த ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். 2018இல் அப்படி ஒரு ஒழுங்கு இல்லை. அன்றைக்குத் திட்டமிட்டிருந்த ஊர்வலமும் ஆட்டத்துக்கு முன்னரே கைவிடப்பட்டிருந்தது. வழி அடைபட்ட கோபம் உள்ளே வெடித்தது.

ஒக்டோபர் 25, மாலை 6.00

இன்னொரு விவரம். ஸ்ட்ராட்ஃபோர்டில் மூலைக் கொடி, கோல் கம்பம், கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஊழியர்களான ஸ்டூவர்ட்டுகள் எல்லாம் குத்தகைக்கு விட்ட மைதானத்துக்காரர் பொறுப்பு. குத்தகை அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆக, ஒரு ரசிகரை ஸ்டூவர்ட் கண்டபடி நடத்தினால் யாரிடம் போவது? கழகம் அது எங்கள் ஆள் இல்லை என்று சொல்ல முடியும். மைதானத்துக்காரர் டிக்கெட் விற்றவரைக் கேளுங்கள் என்று சொல்ல முடியும். ஓட்டப்பாதைமேல் கழக நிறத்தில் விரிப்புப் போடுவதற்கே இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் இழுபறிப்பட்டார்கள். வாடகை மலிவு என்றால் எங்கோ ஒரு இடத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டும். இங்கே கொடுப்பவர் ரசிகர்.

ஒக்டோபர் 26, காலை 10.30

ஸ்டூவர்ட் பேச்சு வந்ததால் இது. வேறொரு மைதானம், லண்டனுக்கு வெளியே, பெயர் வேண்டாம்.

மகள் சின்னவள். ஈஸ்ட்ஹாமில் வாங்கிய ஆட்டிறைச்சி ரோல்ஸ் நாலைத் தகரத்தாளில் சுற்றி என் பையில் வைத்திருந்தேன். வாசலில் நின்ற ஸ்டூவர்ட் பொதியைப் பிரித்தார், முகர்ந்தார், பக்கத்தில் நின்றவரிடம் காட்டினார், பிறகு தொட்டியில் போடச் சொன்னார். வெளி உணவு கூடாதாம். எனக்கு முன்னால் போனவர் கையில் சான்ட்விச் இருந்தது, அவரை யாரும் கேட்கவில்லை. அதைச் சொன்னேன். "வரிசையைத் தடுக்காதீர்கள்" என்றார். மகள் ரோல்ஸைத் தானே வாங்கித் தொட்டியில் போட்டாள், அப்பா வாதாடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே போய் ஒரு சின்னத் தட்டுச் சிப்ஸுக்கு நாலு ரோல்ஸ் வாங்கிய காசைவிட அதிகம் கொடுத்தேன்.

எழுதிப் போட்டேன். வந்த பதிலில் என் பெயரைத் தவிர எனக்கென்று எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம் என்று தொடங்கியது.

ஒரு பொதி ரோல்ஸுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். ஆனால் ஊர்வலத்தில் பதாகை தூக்கும் ஒவ்வொருவரிடமும் இதுமாதிரி ஒன்று இருக்கிறது. ஒருவரிடம் இருக்கை, ஒருவரிடம் பேரனுக்கு நின்றுபோன சலுகை, ஒருவரிடம் பதில் வராத கடிதம்.

ஒக்டோபர் 28, இரவு 11.10

சரி, முதல் கேள்விக்கு வருவோம். காசு கட்டிய இருக்கையைக் காலியாக விட்டால் என்ன ஆகும்?

2016 பெப்ரவரி 6, லிவர்பூல் கழகத்தின் ஆன்ஃபீல்ட் மைதானம். அடுத்த சீசனில் ஒரு ஆட்டத்துக்கான உச்ச விலையை 59 பவுணிலிருந்து 77 ஆக்கப்போவதாக லிவர்பூல் அறிவித்திருந்தது. சன்டர்லண்டுக்கு எதிரான ஆட்டத்தில் 77ஆவது நிமிடம் வந்ததும் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே போனார்கள். அணி 2-0 என்று முன்னணியில் இருந்தது. வென்றுகொண்டிருந்த அணியை விட்டுத்தான் போனார்கள், இதைக் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும். ஆட்டம் 2-2 என முடிந்தது. நாலு நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு உயர்வைக் கைவிட்டார்கள்.

அவர்களும் காசு கட்டியவர்களே. அன்று கழகத்துக்கு ஒரு பவுண்கூடக் குறையவில்லை. ஆனால் இந்தக் கழகங்கள் டிவிக்கு விற்பது வெறும் 22 பேர் ஓடுவதை இல்லை. பின்னால் தெரியும் கூட்டமும் சரக்குத்தான். எழுந்து போனவர்கள் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே பிரீமியர் லீக் கழகங்கள் வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண் உச்சவரம்பு வைத்தன. அதன் பின்னால் ரசிகர் அமைப்புகள் பல வருடமாக நடத்திய பிரச்சாரமும் இருந்தது.

பிரென்ட்போர்ட் ஆட்டத்தைப் புறக்கணித்தவர்களும் இதையே செய்தார்கள். திங்கள் இரவு, நேரடி ஒளிபரப்பு. வாசகரே, நீங்கள் வீட்டிலிருந்து காலி இருக்கையைக் கவனித்தீர்கள், ஏன் என்று கேட்டீர்கள், இவ்வளவும் இங்கே பேசப்படுகிறது.

ஒக்டோபர் 29, காலை 8.00

படுத்த பிறகு ஒரு யோசனை வந்தது. லிவர்பூலில் கேட்டது ஒரே ஒரு விஷயம், ஒரு எண். நிர்வாகம் அந்த எண்ணை மாற்றினால் முடிந்தது. வெஸ்ட் ஹாமில் கேட்பது முதலாளியும் துணைத் தலைவர் கரன் பிரேடியும் போக வேண்டும் என்று. நாலு நாளில் நடக்கிற காரியமில்லை. செப்டம்பரில் கிரிஸ்டல் பாலஸ் அணியுடனான ஆட்டத்துக்கு முன் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள், கழகமே அமைத்த ரசிகர் ஆலோசனைக் குழுவும் நிர்வாகத்தின்மேல் நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்தது. இவ்வளவுக்கும் பிறகு நாற்காலியில் யார் இருக்கிறார்கள்?

ஜேர்மனியில் வேறு நிலை. 2016 பெப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டில் வெளியூர் விலையை எதிர்த்து டொர்ட்மண்ட் ரசிகர்கள் இருபது நிமிடம் பிந்தி உள்ளே வந்து டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் எறிந்தார்கள். திங்கள் இரவு ஆட்டங்களை எதிர்த்தும் பந்து எறிந்தார்கள், 2021இலிருந்து அந்த ஆட்டங்கள் நின்றன. 2024 பெப்ரவரியில் லீக்கின் முதலீட்டாளர் திட்டத்தையும் இப்படியே நிறுத்தினார்கள். அங்கே கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. பந்து எறிகிறவனுக்குக் கழகக் கூட்டத்தில் கை தூக்கவும் உரிமை இருக்கிறது. வெஸ்ட் ஹாம் ரசிகருக்கு இருப்பது இருக்கை மட்டும். அதனால்தான் அந்த இருக்கையை வைத்தே பேச வேண்டியிருக்கிறது.

ஒக்டோபர் 29, மதியம் 1.15

"அப்படியென்றால் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விட வேண்டியதுதானே, 1992 போல?" இதைக் கேட்டவர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார்.

1992இல் பத்திரம் வாங்காதவன் எதையும் இழக்கவில்லை. இன்று புதுப்பிக்காதவன் இடத்தை இழப்பான். 62,500 பேர் கொள்ளும் மைதானம், லண்டனுக்கு வந்துபோகும் சுற்றுலாக்காரர்கள் ஏராளம், ஒருவன் விட்டால் இன்னொருவன் வாங்குவான் என்பது நிர்வாகத்தின் கணக்கு. நாற்பது வருடம் தகப்பனோடு வந்த இடத்தை ஒருவன் விட்டுக்கொடுப்பது கோபத்தில் எடுக்கிற முடிவில்லை. அந்தப் பாசத்தை வைத்துத்தான் ஆளைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஒரு ஆட்டத்துக்கு வராமல் இருப்பது இடத்தை இழக்காமல் எதிர்ப்பைக் காட்ட இருக்கிற வழி.

நவம்பர் 3, காலை 7.45

நேற்று நியூகாசிலை 3-1 என்று வென்றோம். நல்ல ஆட்டம், சந்தோஷம்.

வென்றால் வாயை மூடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நேற்றைய கோலுக்கு நானும் கத்தினேன். அணிக்குக் கத்துவதும் நிர்வாகத்தை எதிர்ப்பதும் ஒரே வாயால் செய்யக்கூடியவை.

நவம்பர் 4, இரவு 8.30

ஊர்வலத்துக்குப் போகும் நண்பர் ஒருவரோடு இந்த இழையில் உள்ளதைக் கதைத்தேன். முதலாளி போகட்டும் என்பதோடு சேர்த்து எண்ணாகவும் எழுத்தாகவும் கேட்கக்கூடியவற்றை முன்னால் வையுங்கள் என்றேன். எல்லா விலை அடுக்கிலும் சிறுவருக்கும் முதியவருக்கும் நிலையான சலுகை. நிற்கிறவர்களுக்கும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் தனித்தனிப் பகுதி, விரும்புகிறவர்கள் கட்டணமின்றி இடம் மாறிக்கொள்ள ஒரு வருட அவகாசம். ஸ்டூவர்ட் பற்றிய முறைப்பாட்டைக் கழகமே வாங்கி, கழகமே பதில் சொல்வது.

முதலாளி போனாலும் வரப்போகிறவர் யார் என்று தெரியாது, ஆனால் இந்த மூன்றும் எழுத்தில் இருந்தால் அவரையும் கட்டுப்படுத்தும் என்பது என் வாதம். முதலாளி இருக்கும்வரை எழுத்தில் வருவது எதையும் நம்ப மாட்டோம் என்பது அவருடைய வாதம். அடுத்த கூட்டத்தில் இரண்டையும் வைத்துப் பேசுவதாகச் சொன்னார். போய்வந்து இங்கே எழுதுகிறேன்.